பழுதாகாத ஸ்பீடாமீட்டர்

வட கரோலினா மாநிலத்தின் கோர்ட் பதிவேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நூறு வருஷம் கழித்து யாராவது அந்த மண்ணில் ஓடிய கார்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், ஒரு விசித்திரம் அவர் கண்ணில் படும். ஜப்பான் வண்டியோ, கொரிய வண்டியோ, டெட்ராய்ட் வண்டியோ, அந்த மாநில எல்லைக்குள் நுழைந்ததும் ஸ்பீடாமீட்டர் கெட்டுப்போகிறது. பிரேக் சரியாக இருக்கிறது, டயர் சரியாக இருக்கிறது, வைப்பர் வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. வேகம் காட்டும் முள் மட்டும் பொய் சொல்கிறது. ஷோரூமைவிட்டு வந்து ஆறு மாதம் ஆகாத வண்டிக்கும் இதே கதி. மலைப்பக்கம் ஆஷ்வில்லில் தொடங்கி கடலோரம் வில்மிங்டன் வரை 100 கவுண்டிகள்; டாக்டர், டீச்சர், கல்லூரி மாணவன், கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர் என்று வரிசையாகப் பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'முறையற்ற சாதனம் – ஸ்பீடாமீட்டர்' என்று அதே வரி. எல்லோரும் பணம் கட்டியிருக்கிறார்கள். முள்ளைச் சரிசெய்ததாக ஒரு மெக்கானிக்கின் பில் மட்டும் எங்கும் அகப்படாது. இந்த ஆராய்ச்சியாளரை நினைத்து நான் முதலில் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு குறைந்துவிட்டது. அந்த வரிகளில் ஒன்று எழுதப்பட்டபோது நான் அதே அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும், எழுதியவர்களுக்கும் தெரியும். ஒருவர் முகத்திலும் ஒரு சலனம் இல்லை. எனக்கே நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் வெகுநாள் கழித்தும் உறுத்துகிறது.

இது வராந்தாவில் கைமாறும் ரகசியமாக இருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். நம் ஊர் கோர்ட்டுகளின் மரத்தடியில் நடக்கிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது புதிதில்லை. இங்கே அது சட்டப் புத்தகத்தில் அச்சேறியிருக்கிறது. மாநிலத்தின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வேக வரம்பைப் பேசும் பிரிவு 20-141. அதன் கடைசிப் பகுதியில் ஓர் உட்பிரிவு: வரம்பை 25 மைலுக்கு மேற்படாமல் மீறிய வழக்கில், ஸ்பீடாமீட்டர் குறைபாடு என்பது அதற்குள்ளேயே அடங்கிய சிறிய குற்றமாகக் கொள்ளப்படும். பதிவேட்டில் எந்த வார்த்தைகளில் எழுத வேண்டும் என்பதையும் அதுவே எடுத்துக்கொடுக்கிறது. ஸ்பீடாமீட்டருக்கு என்றே 20-123.2 என்று தனிப்பிரிவு உண்டு. வண்டி வைத்திருப்பவர் அதை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 25 டாலருக்கு மேற்படாத அபராதம், லைசென்ஸில் புள்ளி கிடையாது, இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறக் கூடாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஏற்பாடு விளங்கிவிடும். கொலைக்குள் காயம் அடங்கியிருக்கிறது, திருட்டுக்குள் அத்துமீறல் அடங்கியிருக்கிறது என்றால் தர்க்கம் இருக்கிறது. வேகமாகப் போனதற்குள் முள் கெட்டுப்போனது எப்படி அடங்கும்? சொல்லப்போனால் ஒன்று மற்றொன்றுக்கு எதிரி. முள் கெட்டிருந்தால் வேகம் தெரியாமல் போனேன் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. முள் நன்றாக இருந்ததனால்தான், அதைப் பார்த்துக்கொண்டே மிதித்ததனால்தான், இந்த மனிதர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

என் நண்பரின் கதை எல்லோருடைய கதையும்தான். ராலேக்கும் டர்ஹாமுக்கும் நடுவில் இருக்கிற ஆராய்ச்சிப் பூங்காவைச் சுற்றி, கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ் என்று நம்மவர்கள் குடியேறிய ஊர்கள். காலையில் ஐ-40 சாலையில் ஏறினால் வரம்பு 65 மைல்; ஓடுகிற வெள்ளமோ 75-ல் ஓடும். நண்பர் 82-ல் போனார். நம் கணக்கில் 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே அது வெறும் அபராதத்தோடு போகிற எண் இல்லை. வரம்பைவிட 15 மைலுக்கு மேல், அல்லது எங்கானாலும் 80-க்கு மேல், என்றால் அது கிரிமினல் கணக்கில் வருகிற மூன்றாம் வகுப்பு மிஸ்டிமீனர். 55-க்கு மேலான வேகத்தில் வரம்பை 15 மைலுக்கு மேல் மீறியதாகத் தீர்ப்பானால் 30 நாள் லைசென்ஸ் போகும். நண்பருக்கு லைசென்ஸைப் பற்றிய பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதல் பயம் விசா. ஹெச்-1பி-யில் இருப்பவர் ஊருக்குப் போய்ச் சென்னையில் ஸ்டாம்பிங்குக்கு நிற்கும்போது, நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கும். வாட்ஸப் குழுவில் கேட்டார். ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். ஒருவர் குடியுரிமை விண்ணப்பம்வரை போய்விட்டார். மூன்றாம் நாளே தபால்பெட்டி நிறைய வக்கீல்களின் கடிதங்கள். உங்கள் பெயர், உங்கள் கோர்ட் தேதி, உங்கள் வேகம் எல்லாம் அச்சில். ஒவ்வொன்றின் தலைப்பிலும் இது வக்கீல் தொழிலுக்கான விளம்பரம் என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பது அங்கே விதி. நண்பர் மனைவி அவற்றை ரப்பர் பேண்டு போட்டு மைக்ரோவேவ் மேல் வைத்திருந்தார். நலம் விசாரித்து இவ்வளவு கடிதம் தனக்கு ஊரிலிருந்துகூட வந்ததில்லை என்றார்.

வக்கீல் வைத்தால் இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் நாம் போகவே வேண்டாம். அவர் நமக்குப் பதிலாக நிற்பார், முடிந்தபின் ஒரு மின்னஞ்சல் வரும். நண்பர் சிக்கனக்காரர், நேரிலேயே பார்த்துவிடலாம் என்றார். துணைக்குப் போனேன். அதனால் நான் கண்டது அந்த அறையில் யார் இருக்கவில்லை என்பதை. நம் ஏபெக்ஸ், கேரி ஆட்கள் கிட்டத்தட்ட இல்லை. அவர்களுடைய பெயர்கள் இருந்தன. கோப்புக் கட்டோடு முன்வரிசையில் நின்ற வக்கீல்கள் ஒவ்வொன்றாக அந்தப் பெயர்களை முடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் வேறு. சுண்ணாம்புக் கறையோடு வேலை பூட்ஸ் போட்ட கட்டடத் தொழிலாளிகள், மருத்துவமனைச் சீருடையோடு இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்த கறுப்பினப் பெண், ஸ்பானிஷ் மட்டும் பேசுகிற அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பையன். தரை மெழுகின் வாசனை. வாசலில் பெல்ட்டைக் கழற்றி எந்திரத்துக்குள் விட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. நீதிபதியின் மேடை வெகுநேரம் காலி. காரியம் நடந்ததெல்லாம் அதற்குக் கீழே, உதவி அரசு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண மேஜையில். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேஜையைச் சுற்றி ஒரு வரிசை வளையுமே, அப்படித்தான் வளைந்தது. பெயர் சொன்னால் பட்டியலில் ஒரு கோடு. முன்பு டிக்கெட் உண்டா என்று ஒரு கேள்வி. கம்ப்யூட்டரில் ஒரு பார்வை. மேஜையில் இருந்த அந்த வழக்கறிஞர் ஓர் இளம்பெண், முப்பது வயது இருக்காது. குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. நண்பரின் பழைய ரெக்கார்டு சுத்தமாக இருந்தது. பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், ஸ்பீடாமீட்டர் என்று மாற்றித் தருகிறேன், சம்மதமா என்றார்.

நண்பர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நம்ம ஸ்பீடாமீட்டர் நல்லாத்தானே இருக்கு? இல்லாததைச் சொல்லிப் பின்னாடி பெர்ஜுரின்னு புடிச்சிருவாங்களா?" அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அவர் முழங்கையைத் தட்டி, சரின்னு சொல்லுங்க என்றேன். பிறகு நீதிபதி வந்தார், பெயர் வாசிக்கப்பட்டது, பொறுப்பேற்கிறீர்களா என்று கேட்டார், ஏற்கிறேன் என்று நண்பர் சொன்னார். சத்தியப் பிரமாணம் எதுவும் இல்லை. வண்டியின் முள் என்ன காட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே பணம் கட்டும் ஜன்னலில் நிற்கும்போது நண்பருக்குக் கைநடுக்கம் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டார்.

யாரும் ஏமாறாத பொய்யைப் பொய் என்று சொல்ல முடியுமா என்பது என் முதல் கேள்வி. நாடக மேடையில் ஒருவர் தன்னை ராஜா என்றால் அது பொய்யில்லை, சபைக்குத் தெரியும். இங்கேயும் சபைக்குத் தெரியும். வழக்கறிஞருக்கும் நீதிபதிக்கும் தெரியும், டிக்கெட் எழுதிய காவலருக்குத் தெரியும், சட்டமன்றத்துக்குத் தெரிந்தே எழுதியிருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியும், தெரிந்தும் கட்டணம் ஏற்ற முடியாதபடி அதன் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது. வட கரோலினாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. மிசௌரியில் நெடுஞ்சாலையில் பறந்த வண்டியை முறையற்ற பார்க்கிங் என்று எழுதிக்கொள்வார்கள். நியூ யார்க்கின் சிறிய ஊர்களில் தார்ச்சாலையின் மேல் வண்டியை நிறுத்தியதாக மாறும். ஓடியதற்காகப் பிடிபட்ட வண்டி, ஏட்டில் அசையாமல் நிற்கிறது. வட கரோலினாவின் பொய்யில் குறைந்தபட்சம் வண்டி ஓடுகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. ஆனால் நாடகம் முடிந்தால் ராஜா கிரீடத்தைக் கழற்றிவிடுவார். கோர்ட் ஏட்டில் கழற்றல் இல்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் போன பிறகும் அந்த வரி இருக்கும், எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்ற விஷயம் அதில் எழுதப்பட்டிருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. அன்று ஐ-40-ல் நண்பரின் முன்னால் போய்க்கொண்டிருந்த, கண்ணாடியில் அவர் நெருங்கி வருவதைப் பார்த்துப் பதறித் தடம் மாறிய யாரோ ஒருவர், அந்த மேஜைக்கு வரவே இல்லை. வேகம் என்ற சொல் ஏட்டைவிட்டுப் போனதும் அவரும் போய்விட்டார்.

பணம் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கியது அந்த ஜன்னலில் கொடுத்த ரசீதினால்தான். முள்ளுக்கான அபராதம் அதிகபட்சம் 25 டாலர். கோர்ட் செலவு என்ற பெயரில் அதன் மேல் வந்து சேர்வது 190 டாலரை ஒட்டி. அந்தச் செலவைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்: டிக்கெட் எழுதிய காவலரின் சேவைக்கு 5 டாலர், கோர்ட் கட்டடத்துக்கு 12 டாலர், காவலர்களின் ஓய்வூதியத்துக்கு 7.50 டாலர், பெரும்பகுதி மாநிலக் கஜானாவுக்கு. என்னைப் பிடித்தவரின் முதுமைக்கு நான் ஏழரை டாலர் கொடுக்கிறேன் என்பதில் ஒரு தமிழ் மனம் ஏதோ பழைய பாவ புண்ணியக் கணக்கைப் பார்க்கத்தான் செய்யும். ஏழரை என்ற எண்ணே போதும். அபராதமோ வேறு பாதையில் போகிறது. அந்த மாநிலத்தின் அரசியல் சாசனம், ஒன்பதாம் பகுதியில், அபராதத்தின் நிகரத் தொகை வசூலான கவுண்டியிலேயே தங்க வேண்டும், இலவசப் பள்ளிகளுக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்கிறது. அதாவது ஒருவன் வேகமாகப் போனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை. படித்தபோது எனக்கு அந்த மாநிலத்தின் மேல் மரியாதை வந்தது. அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

2011-ல் சட்டமன்றம் இந்த ஸ்பீடாமீட்டர் ஏற்பாட்டின் மேல் இன்னொரு 50 டாலர் வைத்தது. ஏராளமானவர்கள் இந்த வாசல் வழியாகத் தப்பிக்கிறார்கள், வாசலில் ஒரு சுங்கம் வைப்போம் என்ற யோசனை போலும். அந்த 50 டாலர், சிறு குற்றங்களுக்காகக் கவுண்டிச் சிறைகளில் அடைக்கப்படுகிறவர்களின் பராமரிப்பு நிதிக்குப் போனது. ரிச்மண்ட் கவுண்டி என்று தெற்கே ஒரு சிறிய கவுண்டி. அதன் பள்ளிக் குழு வழக்குப் போட்டது: இதற்குக் கட்டணம் என்று பெயர் வைத்தாலும் இது தண்டனைதான், தண்டனைப் பணம் என்றால் எங்கள் பிள்ளைகளுடையது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமாம் என்றது. அந்தக் கவுண்டியிலிருந்து போன தொகை இரண்டு லட்சத்து எழுபதாயிரம் டாலருக்கு மேல். கேட்கும்போது நம்முடைய ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் ஜெயித்த மாதிரி ஒரு சந்தோஷம். ஆனால் பணம் அதற்குள் சிறைகளுக்குச் செலவாகியிருந்தது. திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட்டால், கஜானாவிலிருந்து புதுப் பணம் ஒதுக்கச் சொல்வதாகும். அந்த அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டும்தான் என்று 2017-ல் அதே நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளின் உரிமை நிலைநாட்டப்பட்டது, பணம் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் வேறு ஒன்று பிடித்திருந்தது. இது தண்டனையா இல்லையா என்று தீர்மானிக்க நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்தபோது, எதற்கான தண்டனை என்ற கேள்வியைத் தொடாமல் போக முடியாது. கெட்டுப்போகாத முள்ளுக்கான தண்டனை. ஒரு கற்பனைக் குற்றத்தின் மேல் விதித்த வரி, நிஜமான சிறைச்சாலைகளில் நிஜமான மனிதர்களுக்குக் காலைச் சாப்பாடாகிக்கொண்டிருந்தது.

கருணையை நேராகக் காட்ட அவர்களிடம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பி.ஜே.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நீங்கள் செய்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள், நீதிபதி கேட்டுக்கொள்கிறார், தீர்ப்பை மட்டும் எழுதாமல் தொடர்ந்து தள்ளிவைக்கிறார். தள்ளிவைத்தபடியே அது கிடக்கும். கோர்ட் செலவைக் கட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். இதில் முள்ளைக் குறை சொல்ல வேண்டாம். 82 என்பது 82 ஆகவே ஏட்டில் இருக்கும். என் புத்திக்கு இதுதான் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. நீ செய்தாய், எனக்குத் தெரியும், இந்தமுறை விடுகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்வதில் இரண்டு பேருக்குமே கௌரவம் இருக்கிறது. ஆனால் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கண்ணுக்கு இது ஒரு குடும்பத்தின் பாலிசிக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒன்றே ஒன்று. அதனால் நம்மவர் வீடுகளில் அதை ரேஷன் கார்டைப் போலப் பத்திரப்படுத்துகிறார்கள். பையனுக்குப் பதினாறு வயது ஆகப்போகிறது, அவனுக்கு வேண்டியிருக்கும், நீங்கள் முள்ளையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனைவி கணவனுக்குச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவள் சொன்னதில் தப்பில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது கையிருப்பில் ஒன்றுதான் உண்டு, பொய் சொல்லி வாங்குவதற்கு அவ்வளவு கறாரில்லை என்றால், எந்தத் தாயும் முதலாவதைத்தான் சேமிப்பாள். லாரி ஓட்டுகிறவர்களுக்கோ அந்த ஒன்றும் இல்லை. வணிக லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் மீறல்களை மாநிலங்கள் மறைக்கவோ தள்ளிவைக்கவோ கூடாது என்பது மத்திய அரசின் விதி. பதினெட்டுச் சக்கர வண்டியை நினைத்தால் விதி நியாயம்தான். ஆனால் சாலையையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இல்லாத சலுகை, ஆபீசுக்கு அவசரமாகப் போகிறவனுக்கு இருக்கிறது.

வண்டியின் சாதனங்களைப் பற்றி அந்த மாநிலத்திலிருந்தே இன்னொரு வழக்கு வாஷிங்டன்வரை போயிருக்கிறது. 2009 ஏப்ரல் மாதம், சர்ரி கவுண்டியில் டாப்சன் என்ற ஊருக்கு அருகே ஐ-77 சாலையில் ஒரு காரைக் காவலர் நிறுத்தினார். பின்னால் இருந்த இரண்டு பிரேக் விளக்குகளில் ஒன்று எரியவில்லை. நிறுத்திய பிறகு சந்தேகம், சோதனைக்குச் சம்மதம், உள்ளே கொக்கெய்ன். மேல்முறையீட்டில்தான் ஒருவர் சட்டத்தை எடுத்துப் படித்தார். மாநிலச் சட்டம் பழைய நடையில், ஒரு பிரேக் விளக்கு எரிந்தால் போதும் என்ற பொருள் வரும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த வண்டியில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் நிறுத்தியதே தப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில், எட்டுப் பேர் ஒரு பக்கமும் நீதிபதி சோடோமேயர் தனியாக மறுபக்கமுமாக, காவலர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது நியாயமான தவறுதான், ஆகவே நிறுத்தியது செல்லும் என்றது. அதற்கு முன்பே, 1996-ல், ரென் வழக்கில் ஒன்பது பேரும் ஒரே குரலில், போக்குவரத்து மீறல் ஒன்று உண்மையிலேயே நடந்திருந்தால் போதும், காவலர் மனதில் வேறு என்ன காரணம் இருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் இந்த இரண்டு சாதனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எரியாத விளக்கு, சட்டப்படி குறையே இல்லை, ஆனால் அதை வைத்து ஒருவரின் வண்டிக்குள் கைவிட முடிந்தது. ஓடுகிற முள், சட்டப்படி குறையுள்ளது, அதை வைத்து என் நண்பர் வீட்டுக்குப் போனார். சாதனம் இரண்டிலும் சாக்குதான். சாக்கு யாருக்காக உழைக்கிறது என்பதுதான் மாறுகிறது.

காவலர்கள் யாரை நிறுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்து வைக்கச் சொல்லி 1999-ல் முதலில் சட்டம் போட்ட மாநிலம் வட கரோலினாதான். அதைப் பாராட்டத்தான் வேண்டும். அப்படிச் சேர்ந்த இரண்டு கோடி நிறுத்தங்களை அலசி பாம்கார்ட்னர், எப், ஷூப் என்ற மூவர் 2018-ல் எழுதிய புத்தகம், நிறுத்தப்பட்டபின் சோதனை போடப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று காட்டுகிறது. எங்கள் நிறம் இந்தக் கணக்கில் எங்கே விழுகிறது என்று நம்மவர்கள் விருந்துகளில் பேசிக்கொள்வதுண்டு. ஆராய்ச்சிப் பூங்காவின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால் ஒரு மாதிரி, தொங்காவிட்டால் வேறு மாதிரி என்று முடியும். அன்று எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற வயதான கறுப்பின மனிதரிடம் அந்த இளம்பெண் ஸ்பீடாமீட்டர் பற்றிப் பேசவில்லை. அவருடைய லைசென்ஸ் ரத்தாகியிருந்தது. முன்பு எப்போதோ ஒரு டிக்கெட்டுக்குக் கோர்ட்டுக்கு வரவில்லை. வராமல் 20 நாள் ஆனால் கோர்ட் மோட்டார் வாகனத் துறைக்குச் சொல்லும், துறை லைசென்ஸை முடக்கும், வழக்கை முடிக்கும்வரை முடக்கம் தீராது. கட்ட வேண்டிய பணத்தை 40 நாளில் கட்டாவிட்டாலும் அதே பாதை. ட்யூக் பல்கலைக்கழகச் சட்ட ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, இப்படி ஓட்டுவதோடு சம்பந்தமில்லாத காரணங்களால் அந்த மாநிலத்தில் நிலுவையில் இருந்த லைசென்ஸ் முடக்கங்கள் 12 லட்சத்துக்கும் மேல். பஸ் வசதி இல்லாத ஊரில் லைசென்ஸ் இல்லாதவன் வேலைக்கு எப்படிப் போவான்? ஓட்டிக்கொண்டுதான் போவான். அந்தப் பெரியவரும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பது என் ஊகம். கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிறகு பார்த்தேன். அவர் செய்தது எதையும் சின்னதாக்கிச் சொல்ல ஒரு சாதனம் வண்டியில் இல்லை. நண்பர் 82-ல் போனவர், மற்றவர்களுக்கு ஆபத்து விளைவித்தவர். பெரியவர் ஒரு நாள் வராமல் இருந்தவர். ஏட்டைப் படிக்கிறவருக்கு நண்பர் அசட்டையான வண்டிக்காரர், பெரியவர் குற்றவாளி.

இதையெல்லாம் ஒழித்துவிட்டு 82 என்றால் 82 என்று எழுதுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதினால் என் நண்பர் லைசென்ஸ் இல்லாமல் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பார், இன்ஷூரன்ஸ் சில வருஷத்துக்கு அவரைப் பிழிந்திருக்கும், சென்னையில் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்லியிருப்பார். தண்டனை செய்ததைவிடப் பெரிதாக இருக்கும்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் என்னதான் செய்வார்? தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, ஆகையால் குற்றத்தை மாற்றுகிறார். காரணம் எனக்குப் புரிகிறது, நன்றாகவே புரிகிறது. புரிந்த பின்னும் ஏதோ ஒன்று செமிக்காமல் கிடக்கிறது. 2023-லிருந்து ஒவ்வொரு கவுண்டியாகக் கோர்ட் காகிதங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். இனி நடுக்கத்தோடு கூட நிற்பவரிடம் திரும்பி, நம்ம ஸ்பீடாமீட்டர் நல்லாத்தானே இருக்கு என்று கேட்கிற சந்தர்ப்பமும் குறைந்துபோகும். கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் முள் கெட்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பேச்சை எடுத்தேன். நிஜமாகவே ஸ்பீடாமீட்டர் கெட்டுப்போன ஒருவர், வரம்புக்குள்தான் போனவர், அந்த முள்ளுக்காகவே டிக்கெட் வாங்கி அந்த வரிசையில் வந்து நின்றால் என்ன ஆகும்? அவருக்குக் குறைத்துக் கொடுக்கக் கீழே வேறு படி இல்லையே. நீங்கள் கட்டிய அதே பணத்தை அவரும் கட்ட வேண்டும், ஏட்டில் உங்கள் வரிக்குப் பக்கத்தில் அதே வரியாக இருப்பார், எது நிஜம் எது இல்லை என்று யாருக்கும் தெரியாதே என்றேன். நண்பர் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தாளு ஏண்ணே கோர்ட்டுக்கு வரப்போறான்? ஆன்லைன்லயே கட்டிட்டுப் போயிருப்பான்."